பெரியப்பா விழுங்கிய சூரியன்

கிரகணம் பார்க்கப் பாறை உச்சிக்குப் போக ஒரு சாரைப்பாம்புக் குடும்பம் தயாரானது. சூரியனை விழுங்கப்போவது தன் கூடப்பிறந்த அண்ணன்தான் என்று அப்பா சாரை புற்றுக்குப் புற்று சொல்லி வைத்திருந்தார். அதனால் முந்தின நாளே எல்லோரும் சட்டை உரித்துப் பளபளவென்று இருந்தார்கள்.

காலையில் வழிக்குச் சாப்பாடு பிடிக்க, சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு அப்பா வயலுக்குப் போனார். கொழுத்த தவளை ஒன்று அவர் தொண்டைக்குள் பாதி இறங்கியபோது வரப்பில் ஒரு கீரி தலைகாட்டியது. தவளையைத் துப்பிவிட்டு, மகனைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டம் பிடித்தார்.

"சாப்பாடு எங்கே?" என்றாள் அம்மா.

"கிரகணத்தன்னிக்கு நாம சாப்பிடக் கூடாதுடி. அண்ணன் மட்டும்தான் சாப்பிடுவார்."

பிறகு தனியாக வந்த சின்னவன் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டான்.

வெறும் வயிற்றோடு ஏறிப்போய், பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் எல்லோரும் சூரியனைப் பார்த்தார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா, என் அண்ணன்!" என்று அப்பா தலையைத் தூக்கினார்.

சற்று நேரத்தில் சூரியன் முழுசாக வெளியே வந்துவிட்டது.

சின்னவன் அப்பா பக்கத்தில் ஊர்ந்து வந்தான். "பாவம், பெரியப்பாவும் கீரியைப் பாத்துட்டாரு போல. அவர்கூடப் புள்ளைங்க யாரும் போகலையேப்பா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி, அப்பா தலையைத் தன் சுருளுக்குள் இழுத்துக்கொண்டார்.