மொட்டை மாடிக் கோளாறு

“அக்கா, உங்க வீட்டு சோலார் நின்னு போச்சு! ஆபீஸ் ஸ்கிரீன்ல பார்த்தேன், அப்படியே ஓடி வந்துட்டேன்.”

ஹெல்மெட்டும் தோள்பையுமாக வாசலில் மூச்சு வாங்க நின்ற சோலார் கம்பெனிப் பெண்ணைப் பார்த்ததும், தையல்கார அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மடியில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“வாம்மா, வா! உனக்கு ஆயுசு நூறு. இப்பதான் உன்னை நினைச்சேன்.”

நினைத்தது மட்டுமா? இந்தப் பெண்ணை வரவழைக்க இதற்குமுன் இரண்டு தடவை சோலாரை நிறுத்தியதே அக்காதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்வர்ட்டருக்குக் கீழே இருக்கிற சுவிட்சை ஒரு திருகு, கம்பெனிக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

எல்லாம் தம்பிக்காக. துணி வெட்டுவதில் தம்பி புலி. ஆனால் பேனல் மாட்ட வந்த இந்தப் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து, சட்டைக்கு வெட்டச் சொன்னால் பாவாடைக்கு வெட்டுகிறான். அவள் எதிரே வந்தாலோ, வாயில் ஊசி நூல் போட்டுத் தைத்தது போல நின்றுவிடுகிறான்.

இந்த வாரம் மறுபடி திருகலாம் என்று அக்கா நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சோலார் தானாகவே நின்றுவிட்டது! இதைவிட நல்ல சகுனம் உண்டா?

“டேய் தம்பி! சோலார் ரிப்பேராம்! மேல வாடா!” என்று கத்தினாள். தம்பி கத்தரிக்கோலோடு ஓடி வந்தான்.

“நீ எதையாவது திருகினியாடா?” என்று காதோரம் கேட்டாள்.

“எதைக்கா?” என்று விழித்தான் அவன்.

மாடிப்படி ஏறும்போது அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். “சொல்ல மறந்துட்டேன் அக்கா. எனக்கு மாற்றல் வந்துடுச்சு. நாளைக்குக் காலைல வேற ஊருக்குக் கிளம்புறேன். இனிமே ரிப்பேருக்கு வேற ஆள் வருவார்.”

அக்கா அவசரமாகக் கணக்குப் போட்டாள். இன்றைக்கு விட்டால் ஆள் அம்பேல். தம்பியின் முதுகில் ஒரு இடி இடித்தாள்.

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. பெண் பேனல்களைத் தடவிப் பார்த்தாள்.

“வெயிலைக் கரண்டா மாத்துறது இந்தப் பேனல்தான். தூசியே இல்லையே, யார் துடைக்கிறாங்க?”

“தம்பிதான்! தினமும் துடைக்கிறான்!” என்றாள் அக்கா. சொல்ல வேண்டியவன் வானத்தைப் பார்த்தான்.

“ஸ்டாண்டும் ஆடல. காத்தடிச்சாலும் பேனல் அசையாது. இதோ இந்த வயர், மண்ணுக்குள்ள போகுது. இடி விழுந்தா காப்பாத்துறது இதுதான்.” அவள் தம்பியைப் பார்த்தாள். “ஏதாவது கேட்கணும்னா கேளுங்க.”

“ம்” என்றான் தம்பி.

“பேனல்லேருந்து வர்ற கரண்ட் அப்படியே வீட்டுக்கு ஆகாது. கீழ இன்வர்ட்டர்தான் அதை மாத்திக் குடுக்கும். நாம செலவழிச்சது போக மிச்சம், மீட்டர் வழியா தெருக் கம்பிக்குப் போயிடும்.”

“மீட்டர்...” என்று ஆரம்பித்தான் தம்பி. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க!” என்று ஆவலாகக் கேட்டாள் அவள்.

“மீட்டர்... நல்லா இருக்கு.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. இத்தனை விவரம் தெரிந்தவள், கண்ணெதிரே இருக்கிற சுவிட்சைப் பார்க்காமல், வரும்போதெல்லாம் நேரே மாடியேறிப் போல்ட் போல்ட்டாகத் தேடுவாள். கடைசியில்தான் கீழே வந்து சுவிட்சைத் திருகுவாள். கொஞ்சம் மந்தம்தான் போல, இருந்துவிட்டுப் போகட்டும், நம் தம்பிக்குப் பொருத்தம்தான் என்று அக்கா தேற்றிக்கொள்வாள்.

கீழே வந்தார்கள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. இன்வர்ட்டரில் மட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. நிஜமாகவே கோளாறுதான் என்று அக்கா முடிவுகட்டினாள். பெண் மூடியைத் திறந்தாள், மூடினாள், போனை எடுத்து எதையோ தட்டினாள். பச்சை விளக்கு பளிச்சென்று வந்தது.

“சரியாயிடுச்சு” என்றாள். ஆனால் கிளம்பவில்லை. பை ஜிப்பை மூடவே நேரம் எடுத்துக்கொண்டாள். தம்பி கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“அப்ப, நான் வரட்டுமா?”

“சரி” என்றான் தம்பி.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“சரியாம், சரி! நில்லும்மா. மானம் போனாலும் போகட்டும், சொல்லிடறேன். போன ரெண்டு தடவையும் சுவிட்சைத் திருகினது நான்தான். இந்தக் கல்லுளிமங்கனுக்கு உன்மேல உசிரு. உன்னைக் கட்டிக்கணும்னு ஆசை, கேட்கத்தான் துப்பு இல்லை. நீ வந்தாலாவது வாயைத் திறப்பானான்னு பார்த்தேன். ஆனா இன்னைக்கு நான் கையே வைக்கலம்மா, சத்தியம்! இது நிஜக் கோளாறு!”

தம்பியின் காது மடல் சிவந்தது. கத்தரிக்கோல் கை நழுவி விழுந்தது.

பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகமும் சிவந்துதான் இருந்தது.

“கோளாறெல்லாம் இல்லக்கா. நாளைக்கு ஊருக்குப் போகணுமே, அதுக்குள்ள ஒரு தடவையாவது சுவிட்சைத் திருகுவீங்கன்னு ஒரு வாரமா ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன். நீங்க திருகவே இல்லை. அதான், இன்னைக்கு என் போன்லேருந்து நானே நிறுத்திட்டேன்.”