நீக்கறவு

மலையைப் பார்த்த ஜன்னல்களைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் ‘நீக்கறவு செய்யப்படுகிறது’ என்று தெருமுனை ஒலிபெருக்கி அறிவித்தது. அமிர்தவல்லிக்கு அந்த வார்த்தை புரியவில்லை.

“சட்டம் செத்துப்போச்சுக்கா. இனிமே அது கெடையாது” என்றான் பக்கத்து வீட்டுத் தையல்காரன் மாசிலாமணி.

ஜன்னலைத் திறந்ததற்காகத்தான் அவள் கணவன் சிறையில் இருந்தான். அவனுடைய துவைத்த சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சிறைவாசலில் இருந்த காவலர் சட்டையை வாங்கவில்லை.

“இன்னிக்குத் தொறந்தா தப்பில்லம்மா. உன் புருசன் தொறந்தப்ப சட்டம் உசுரோட இருந்துச்சே. தண்டனை முடிஞ்சுதான் வருவான்.”

“செத்தது எப்படிங்கய்யா ஆளப் புடிச்சு வச்சிருக்கும்?”

“அப்படித்தான் எழுதியிருக்கு” என்று அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அவள் திரும்பி வந்தபோது தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. இதுவரை வெயில் படாத சுவர்களில் வெயில் விழுந்திருந்தது. மாசிலாமணி தன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

“என்னக்கா, ஊரே மலையப் பாக்குது, நீங்க மட்டும் மூடி வச்சிருக்கீங்க? தொறங்க, இனி எவன் கேப்பான்?”

அமிர்தவல்லி உள்ளே போய், ஜன்னலின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

“அவரு வந்து தொறக்கட்டும்” என்றாள்.