ஒருவர்கூட விலகவில்லை

"நிமிர்ந்து நில்லுடி. மேடைக்குப் போறவ மூஞ்சியா இது?"

வாக்கி அக்கா அந்தப் பில்லிங் பெண்ணின் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. "குளிர்பெட்டிப் பக்கம் ட்ராலி கிடக்கு, யாருடா அங்க? எடு அதை!" என்று அதில் ஓர் அதட்டல் போட்டுவிட்டு, மறு கையால் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

கடை இன்னும் திறக்கவில்லை. கீழ்த்தளத்தில் ட்ராலிகளை ஓரங்கட்டி, சரக்கு இறக்கும் மரப்பலகைகளை அடுக்கி, மேலே கம்பளத்தை விரித்து மேடை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆண்டு வளர்ச்சியைச் சொல்ல எம்.டி.யே நேரில் வந்திருந்தார்.

"அக்கா, இன்னிக்கு என்னை பெர்மனென்ட் ஆக்கிடுவாங்கல்ல?"

"பேரைக் கூப்பிடுவாங்க. அது வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

பின்னாலிருந்து ரொட்டிப் பிரிவுக்காரன் தலையை நீட்டினான். "ஏ டிகிரி, மேல போனதும் எங்களை மறந்துடாதே. போற வர்றப்ப ஒரு முறைப்பாவது கொடுத்துட்டுப் போ."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்தப் பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பில் போடும் இடத்தில் ஒரு வருடமாக நின்றுகொண்டே அப்ரண்டிஸ். வேலை முழு வேலை. சம்பளம்தான் பயிற்சிச் சம்பளம்.

நடுவில் ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் வேலை கிடைத்தது. முழுச் சம்பளம், உட்கார நாற்காலி. விலகுகிறேன் என்று சொல்லப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தியது வாக்கி அக்காதான். "அவசரக்குடுக்கை! ஆண்டுக் கூட்டம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடி. நான் இருக்கேன்ல."

அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். அம்மா பல நாள் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அக்காவை நம்பாமல் வேறு யாரை நம்புவது? கடை திறந்த காலத்திலிருந்து இங்கேயே கிடப்பவள். மேனேஜர் லீவு போட்டால் தளமே அவள் கையில்தான். ஆனாலும் மாடியிலுள்ள ஸ்டாஃப் கேன்டீன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்; கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அப்ரண்டிஸ்களோடு உட்கார்ந்துதான் டிபன் டப்பாவைத் திறப்பாள். துளி பந்தா கிடையாது. காய்கறிப் பிரிவில் ஒருத்தன் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டபோது, அவன் வீட்டுக்கே போய்க் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

எம்.டி. மைக்கைத் தட்டினார்.

"விற்பனை ஏறியிருக்கிறது. புதிய கிளைகள் திறந்திருக்கிறோம். ஆனால் என் பெருமை அதில் இல்லை. நம்மிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் இந்த ஆண்டு ஒருவர்கூட விலகவில்லை! வேறெந்தக் கடையாவது இப்படிச் சொல்லட்டும் பார்க்கலாம்!"

எல்லோரையும்விட முதலில் கை தட்டியது வாக்கி அக்கா. உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

இவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கால் தரையில் பாவாமல் மேடைக்கு ஏறினாள். எம்.டி. ஒரு பூங்கொத்தைக் கொடுத்துத் தோளில் தட்டினார்.

"பில்லிங் பயிற்சியை மிகச் சிறப்பாக முடித்த இந்தப் பெண், நாளை முதல் மீன் பிரிவில் தன் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியைத் தொடங்குகிறார்!"

"சிரிம்மா," என்றான் போட்டோகிராபர். சிரித்துத் தொலைத்தாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

"அவ்வளவுதான். எல்லோருக்கும் வாழ்த்துகள். கடையைத் திறக்கலாம்." மைக்கை அணைத்தார்கள். ஆட்கள் அவரவர் பிரிவுக்கு ஓடினார்கள். வாக்கி அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே மேடையைப் பார்த்தபடி நின்றாள். என் முகத்தைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது என்று இவளுக்கு எரிந்தது. அக்காவின் கையைப் பிடித்துக் கிடங்குக்குள் இழுத்துப் போனாள்.

"பில் போட ஒரு வருஷம். செதில் உரிக்க ஒரு வருஷம். அப்புறம் தரை துடைக்க ஒரு வருஷம் படிக்கணுமாக்கா? உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அக்கா சரிந்து கிடந்த ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா பிடிச்சு வச்சீங்க? கூடப் பொறந்தவளா நினைச்சேனே உங்களை! வீட்டுல எல்லாரும் போ போன்னாங்க, அக்கா சொல்லிட்டாங்கன்னு இருந்தேன்."

வாக்கிடாக்கி அலறியது. அக்கா அதை அணைத்தாள். அது அணைந்து இவள் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கென்ன, மேல இருக்கறவங்க நீங்க. எங்களை உள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டதுல உங்களுக்கு என்னதான் கிடைச்சுது? சொல்லுங்க!"

வாக்கி அக்கா ஓர் அட்டைப்பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். வெளியே மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளம் சுருட்டப்படுவதைக் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஒருத்தரும் விலகாம பார்த்துக்கிட்டா, இந்த வருஷமாவது என்னையும் பெர்மனென்ட் ஆக்குறேன்னாங்கடி."