எட்டு கிலோ

"எடையைச் சொல்லு அறிவு. நெஜமான எடையைச் சொல்லணும்!"

"எழுபத்திரண்டு. நேத்துதான் பீச் ஸ்டேஷன் மெஷின்ல காசு போட்டு ஏறி நின்னேன். போதுமா?"

மஹதி கம்ப்யூட்டரில் 72 என்று தட்டினாள்.

அடையாறில் பயிற்சியாளர் அய்யாதுரையின் வீட்டுக் கூடம் அது. கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருக்கு, லண்டனில் இருக்கும் தம்பி ஃப்ளாப்பியில் ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருந்தார். பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தண்ணீரே இல்லாமல் திரையில் ஓட்டிக் காட்டும் சமர்த்து சாஃப்ட்வேர். படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புரொஃபைல் போட்டு, எடை, உயரம், கைவலு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் போதும். யாரோடு யார் ஏறினால் படகு முந்தும் என்று அதுவே சொல்லிவிடும்.

பம்பாய் பந்தயத்துக்கு இரண்டு படகுகள். படகுக்கு ஓர் ஆண், ஒரு பெண். என்.சி.சி.யிலிருந்து தேர்வான மஹதி, ஷ்ரேயா, அறிவு, சாய்நாத் நால்வரில் யார் யாரோடு போவது என்பதுதான் கேள்வி. போன வருஷம் பாரபட்சம் காட்டினார் என்று பேச்சு வாங்கிய அய்யாதுரை, இந்த முறை உஷாராகிவிட்டார். "கம்ப்யூட்டர் சொல்றதுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு, மஹதியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார்.

"காத்து பலமா அடிச்சா நீ நிதானிப்பியா, பாய்வியா? அதையும் கேக்கறது."

"என்னாண்ட கேட்டா? ஒரு வருஷமா கூடவே கீற, உனக்குத் தெரியாதா?"



மஹதிக்குத் தெரியாமல் என்ன? காற்று பலமாக அடித்தால் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே பக்கம் வெளியே சாய்ந்தாக வேண்டும். அதை யாரும் தப்பாகப் பார்க்க மாட்டார்கள். சாயாவிட்டால்தான் சார் திட்டுவார். கரையேறிவிட்டாலோ, அவன் சீனிவாசபுரம் குப்பத்துக்கு, அவள் வடக்கு மாட வீதிக்கு. பஸ் ஸ்டாப்பில்கூடப் பக்கத்தில் நிற்க முடியாது. மயிலாப்பூர் பூராவும் அப்பாவுக்குத் தெரிந்த முகங்கள்.

பம்பாயிலிருந்து திரும்பியதும் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குப் பிறகு கடல் ஏது, படகு ஏது? அந்த ஒரு வாரமாவது அந்தத் தோள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவனிடம் இதையெல்லாம் அவள் சொன்னதில்லை. அவன் மனசில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதும் அவளுக்குத் தெரியாது.

"ரெண்டு பேரும் சேர்ந்து சரியா நூத்தி முப்பது கிலோ இருக்கணும்னு சார் சொன்னாரோல்லியோ?" என்றாள், ஏதோ போகிற போக்கில் கேட்பவளைப் போல. "நீ எழுபத்திரண்டு, நான் அம்பது. எட்டு கிலோ குறையறது."

"கொறஞ்சா இன்னா ஆவும்?"

"படகு காத்துக்குத் தாங்காது. சாய்நாத் உன்னைவிட கனம். என்னை அவனோட போட்டுடும்."

அறிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இன்னா பண்றது, வுடு. அவனும் சோக்காத்தான் ஓட்டுவான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! மஹதிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

வெயிலில் நிற்கும் சைக்கிளை நிழலில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அவன் வெளியே போனான். அடுத்த நிமிஷம் மஹதி தன் புரொஃபைலைத் திறந்தாள். ஐம்பதை அழித்து ஐம்பத்தெட்டு என்று அடித்தாள். மயிலாப்பூரில் தன் எடையைக் கூட்டிச் சொன்ன முதல் பெண் அவளாகத்தான் இருப்பாள். கபாலி, இந்த ஒரு தடவை மட்டும் கண்டுக்காதே என்று வேண்டிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து சாரின் மனைவி காபிக்குக் குரல் கொடுத்தார். மஹதி இரண்டு டம்ளர்களோடு திரும்பி வந்தபோது, அறிவு நல்ல பிள்ளையாகக் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் காபி குடித்தார்கள்.

சாயங்காலம் ஷ்ரேயாவும் சாய்நாத்தும் வந்து சேர, அய்யாதுரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் குட்டிக் குட்டிப் படகுகள் ஓடின.

"முடிவு வந்தாச்சு! மஹதி, சாய்நாத் ஒரு படகு. அறிவு, ஷ்ரேயா இன்னொண்ணு."

சாய்நாத் கைதட்டினான். மஹதி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பொய் சொன்னதற்குத் தண்டனையோ? ஆனாலும் விட மனசில்லை. யார் என்ன நினைத்தால் என்ன என்று கேட்டே விட்டாள்.

"சார், நானும் அறிவும் ஏன் சேரலை?"

"காரணமும் போட்டிருக்கும்மா, இரு." அய்யாதுரை ஒரு விசையைத் தட்டி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கனம் ஒத்து வரலை. நீங்க ரெண்டு பேரும் ஏறினா படகு நகராதாம்."

"குறைச்சலா சார்?"

"அட, எட்டு கிலோ ஜாஸ்தி! நீ அம்பத்தெட்டு, அறிவு எண்பது."

மஹதி சட்டென்று திரும்பினாள். அறிவு, அவள் பெயருக்கு நேரே இருந்த ஐம்பத்தெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.