யாரும் கத்தவில்லை

"யாராவது கத்தினாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல மேடம்," என்றான் டெக்னீஷியன்.

மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணியாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அது ஓர் இணைய நிறுவனத்தின் சர்வர் கூடம். ஊர் உலகத்தின் படங்களும் கடிதங்களும் வீடியோக்களும் இரும்பு அலமாரிகளுக்குள் உறுமிக்கொண்டிருந்தன. அலமாரிகள் சூடாகும், சூட்டைத் தணிக்க ராட்சத ஏசிகள் ஓடும், இரண்டுமாகச் சேர்ந்து பக்கத்துத் தெருவின் மின்சாரத்தையும் குடித்துவிடும். அந்தத் தெருவில் தினமும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை மின்வெட்டு. எவரோ எப்போதோ கை நடுங்க எடுத்த மங்கலான படம் பத்திரமாக இருப்பதற்காக ஒரு தெருவே வியர்த்துக் கொட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தெருவில்தான் டெக்னீஷியனின் அக்கா தையல் கடை வைத்திருந்தாள். கரண்டில் ஓடும் தையல் மெஷின் நான்கு. பள்ளிச் சீருடைகளை மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாகப் பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

மின்சார அலுவலகம் ஒரு வழி சொல்லியிருந்தது. நிறுவனம் பதினோரு அலமாரி அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்தால், மத்தியான மின்வெட்டு கிடையாது.

யாருக்குச் சொந்தம் என்றே தெரியாமல் சும்மா ஓடும் சர்வரைக் கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். தேவைப்படுகிறவர் தானாகக் கத்திக்கொண்டு வருவார். ஏழு நாள் யாரும் கத்தாவிட்டால் அது தண்டம் என்று முடிவு. கத்தல் சோதனை என்று இதற்குப் பெயர். இதைச் செய்து செய்தே டெக்னீஷியனுக்குப் 'பிளக்கு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

"பத்து அலமாரி பிரச்சினை இல்ல. இந்தப் பதினொண்ணாவதுதான் எனக்கு உதைக்குது," என்றார் மேலாளர். "கீழ்த்தட்டுல ஒரு விளக்கு மினுக்கு மினுக்குன்னு இருந்துச்சே பிளக்கு."

"வெளியிலேர்ந்து தினமும் ஏதோ வந்து விழுந்திருக்கு மேடம். ஆனா நம்ம ஆளுங்க யாரும் அதைத் திறக்கல. மூணு வருஷமா ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல."

"முக்கியமானதா இருந்துட்டா?"

"முக்கியமா இருந்தா மூணு வருஷத்துல ஒரு தடவையாவது திறந்திருக்க மாட்டாங்களா?"

நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

"எப்ப பிடுங்கினே?"

"போன செவ்வாய், காலைல பத்து மணிக்கு."

இருவரும் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மணி பத்தாயிற்று. போன் அடிக்கவில்லை. மேலாளர் மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டுச் சோம்பல் முறித்தார்.

"போ, நாளையிலேர்ந்து உங்க அக்கா கடையில மத்தியானமும் மெஷின் ஓடும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் கடைக்குப் போனபோது நான்கு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"டேய், மணி ஒண்ணு ஆகுது. கரண்ட் போகல."

"போகாதுக்கா. இனிமே போகாது."

அவள் மெஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்தது வியர்வையை மட்டுமல்ல என்பது அவனுக்குத் தெரிந்தது. "ஆர்டர் தப்பிச்சுதுடா," என்றாள். அவனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தன் கையால் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது.

"பரவாயில்ல, உங்க கம்பெனிக்கும் காது இருக்கு. நான் கத்தினது வீண் போகல."

"நீ எப்பக்கா கத்தினே?"

"உன் வேலைக்கு வேட்டு வெச்சிருவாங்களோன்னுதான் உங்கிட்ட சொல்லல. பேர் போடாம தெருவே சேர்ந்து எழுதினோம். உங்க கம்பெனி இணையதளத்துல அடியில 'அக்கம்பக்கத்தார் குறைகள்'னு ஒரு இடம் இருக்கே, அதுல. மூணு வருஷமா ஒரு நாள் விடாம."

அவன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பதில் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. ஆனா படிச்சிருக்காங்க பாரு, இல்லேன்னா கரண்ட் வந்திருக்குமா? நன்றின்னு ரெண்டு வார்த்தை எழுதலாம்னு காலையிலேர்ந்து பாக்குறேன், போகவே மாட்டேங்குது. போன வாரத்துலேர்ந்தே இப்படித்தான் மக்கர் பண்ணுது. என்னன்னு பாரேன்."

அக்கா போனை நீட்டினாள். அனுப்ப முடியாமல் வரிசையாக நின்றவற்றில் முதலாவது போன வாரச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு எழுதியது: "தெருவே கத்துறோம். உள்ளே யாருமே இல்லையா?"