கல்மேல் நீரெழுத்து

“எழுத்தா அது? டிராகன் பறக்குது, ஃபீனிக்ஸ் ஆடுது! காலையில சதுரங்கத்தைக்கூட மறந்துட்டு அதைத்தான் பாத்துட்டிருந்தோம்.”

“எழுத்தை விடுங்க ஐயா. எழுதினவர் எந்தப் பக்கம் போனார்?” சூச்சினுக்கு மூச்சு வாங்கியது.

பூங்கா வாசலில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர் கையிலிருந்த குதிரைக் காயாலேயே திசை காட்டினார். “ஏரிப் பக்கம்.”

ஏரி என்றதும் அவள் ஓட்டமெடுத்தாள்.

வாதம் வந்து பேச்சு போன அப்பாவை ஊரிலிருந்து சீனாவின் ஷியான் நகரத்துக்கு அவள் கூட்டி வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. தெருப் பெயர்கூட அவருக்குத் தெரியாது. மதியம் மருந்துக் கடை வேலையிலிருந்து அவள் சாப்பிட வந்தால் கதவு திறந்து கிடந்தது. கைபேசி மேசைமேல் இருந்தது. தண்ணீர் தொட்டுத் தரையில் எழுதும் நீளக் கம்புத் தூரிகையும் சின்ன வாளியும் அப்பாவோடு போயிருந்தன.

“கேமராவைப் பாக்கறோம்மா, பதறாதீங்க” என்றார் போலீஸ்காரர். எப்படிப் பதறாமல் இருப்பது? மதிய மாத்திரை அவள் பையிலேயே கிடந்தது.

ஏரிக்கரையில் கல்தளம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பாட்டுப் பெட்டியை வைத்து ஆடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி விசிறியை மடக்கிக்கொண்டு வந்தாள்.

“அவரா? உங்க அப்பாவா? கொடுத்துவெச்சவ நீ! எனக்கு எழுத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா அது மேகம் நகர்ற மாதிரி, தண்ணி ஓடுற மாதிரி இருந்துச்சு. நாங்க கைதட்டினா, இல்ல இல்லன்னு தலையை ஆட்டறார். என்ன அடக்கம்!”

“ஏதாவது சாப்பிட்டாரா அக்கா?”

“பன் குடுத்தேன், வாங்கல. என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, ஒவ்வொரு எழுத்தையும் கம்பால தட்டித் தட்டிக் காட்டினார். பிரமாதம்னு கட்டைவிரலைத் தூக்கினேன். கண்ணுல பொலபொலன்னு தண்ணி! கலைஞருங்க அப்படித்தான், பாராட்டுன்னா உருகிடுவாங்க.”

அப்பா அழுதாரா? அம்மாவைப் புதைத்த அன்றுகூட அழாத மனிதர். “இப்ப எங்க?”

“தெற்கு வாசல் பக்கம் போனார்.”

ஓடினாள். வெயில் இறங்கிக் காற்று குளிரத் தொடங்கியிருந்தது. அப்பா ஸ்வெட்டர் போட்டாரோ இல்லையோ. வாசலுக்கு வெளியே ஆறு தடத்தில் வண்டிகள் பறக்கும் சாலை. அதில் அவர் இறங்கியிருந்தால்?

தூரத்தில் கைதட்டல் கேட்டது.

வாசலருகே நாற்பது ஐம்பது பேர், கைபேசிகளை உயர்த்திப் பிடித்தபடி. சூச்சின் முட்டி மோதி உள்ளே நுழைந்தாள். நடுவில் அப்பா! முதுகைக் காட்டிக் குனிந்து, தூரிகையை வாளியில் முக்கிக்கொண்டிருந்தார்.

“உஷ்... மெதுவாம்மா” என்று கண்ணாடிக்காரர் ஒருவர் அவளைத் தடுத்தார். “அவர் கவனம் கலையும்.”

“அவர் எங்கப்பா!”

“அப்படியா!” அவர் முகம் மலர்ந்தது. “இரும்புக் கோடு, வெள்ளிக் கொக்கின்னு நல்ல கையெழுத்தைச் சொல்வாங்களே, இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். ரெண்டு மணி நேரமா ஒரே வரியத் திரும்பத் திரும்ப எழுதறார். காயக் காய எழுதறார். என்ன தவம்!”

“என்ன வரி?”

“தாங் அரசர் காலத்துப் பழைய கவிதையா இருக்கும். இப்படி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஓடற எழுத்தை எங்கள்ல யாருக்குப் படிக்கத் தெரியும்? படிக்கணுமா என்ன, பாத்தாலே போதாதா?”

சூச்சினுக்குப் படிக்கத் தெரியும். பன்னிரண்டு நாளாக அப்பா அதே எழுத்தில்தான் அவளுக்கு ‘உப்பு போதாது’, ‘ஜன்னலைச் சாத்து’ என்று சீட்டு எழுதித் தருகிறார்.

ஈரக் கல்லை உற்றுப் பார்த்தாள்.

‘எனக்குப் பேச்சு வராது. வழி தவறிவிட்டேன். யாராவது என்னை என் மகளிடம் சேர்த்துவிடுங்கள்.’

கூட்டம் மறுபடி கைதட்டியது.