மீனுக்கு ஊற்றிய மருந்து

மாலை நான்கு மணிக்கே மழை இருட்டு. பெருங்களத்தூர் நாலாம் மாடிக் கூடத்தில் மீன் தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும் ஜெரூஷாவின் முகத்தில் அலைகிறது. கப்பல் வேலைக்குப் போயிருக்கும் அவள் கணவன் டெனிஸ் ஐந்து வருடம் பார்த்துப் பார்த்து அதில் வளர்த்த உயிருள்ள கடல் பவளங்கள், பத்தே நாளில் சதை உரிந்து வெள்ளை எலும்பாக நிற்கின்றன. மீன்கடை எலியேசர் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறான். தண்ணீர் மெல்ல நிறம் மாறுகிறது.

"அக்கா, மருந்து எதுனா ஊத்துனீங்களா?"

"மீன் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியா வந்துச்சுப்பா. செத்துடுமோன்னு பயந்து ஆன்லைன்ல வாங்கி ஊத்தினேன்."

"அதுல செம்பு கீதுக்கா. மீனு பொழச்சிக்கும். கோரல், இந்தப் பவளம், தாங்காது."

"இப்ப தண்ணிய மாத்தினா?"

அவன் குழாயைக் கழுவிப் பைக்குள் வைக்கிறான். கீழே சாலையில் பேருந்துகள் விடாமல் அலறுகின்றன. புள்ளி மறைந்த ஆரஞ்சு மீன், தான் வழக்கமாகப் படுக்கும் பவளத்தின் வெற்றுக் கிளைகளுக்குள் உடம்பை நுழைத்து நுழைத்துப் பார்க்கிறது. அப்போது டெனிஸின் வீடியோ அழைப்பு வருகிறது. அவள் கண்ணாடியை ஒட்டி நின்று, திரை முழுக்க மீனே தெரியும்படி போனைப் பிடிக்கிறாள்.

"மீன் பொழச்சுடுச்சு, டெனிஸ்."

"சூப்பர்," என்று சிரிக்கிறான். பிறகு சிரிப்பு நிற்கிறது. "ஜெரூ, அதுக்குப் பின்னாடி என்ன அது, வெள்ளையா?"